நேற்றா, நாளையா

கோவிலம்பாக்கம் கோகிலவாணி பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்துக்கு வாங்கியது முப்பத்தேழு மார்க். அதிலும் ஏழெட்டு, டீச்சர் இரக்கப்பட்டுப் போட்டது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். பத்து வருஷம் படித்தும் அந்த மொழியில் நான்கு வார்த்தை சேர்த்துப் பேச அவளுக்கு நாக்கு புரண்டதில்லை. அப்படிப்பட்டவள் முப்பத்திரண்டாவது வயதில், ஓர் எழுத்துகூடத் தெரியாமல், வங்காளம் பேசக் கற்றுக்கொண்டாள் என்றபோது தெருவில் யாரும் நம்பவில்லை.

அவள் மாமனார் காலத்தில் நெல்லும் கத்திரியும் விளைந்த நிலத்தில்தான் இப்போது அவர்களுடைய மூன்று மாடி வீடு நிற்கிறது. கீழே கணவன் ஜெயவேலுவின் ஹார்டுவேர் கடை. மேடவாக்கம் பக்கம் பெரிய ஆஸ்பத்திரி வந்த பிறகு, வைத்தியத்துக்காக வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். ஜெயவேலு மேல் மாடிகளை ஆறு அறைகளாகத் தடுத்து அவர்களுக்கு வாடகைக்கு விட்டான். மாடிக்கு ஒரு பொதுச் சமையலறை. அந்தச் சமையலறைதான் கோகிலவாணியின் பள்ளிக்கூடம்.

ஒரு பெண் குழாயைக் காட்டி 'ஜொல்' என்பாள். இவளும் 'ஜொல்' என்பாள். உப்பைக் காட்டி 'நுன்' என்பாள். இவள் தப்பாகச் சொன்னால் அவர்கள் சிரிப்பார்கள், இவளும் சிரிப்பாள். அங்கே மார்க் போட ஆள் இல்லை. மீன் எங்கே மலிவு, மருந்துக் கடை எந்தப் பக்கம், டாக்டர் என்ன சொன்னார் என்று அவர்களுக்கு இவளிடம் கேட்க ஆயிரம் இருந்தது. கேட்டவர்களுக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தில் மொழி தானாக உள்ளே இறங்கியது.

இறங்கும்போது தமிழோடு முட்டிக்கொண்டுதான் இறங்கியது. அவர்கள் அக்கா என்பதை 'திதி' என்றார்கள். "இன்னாடி, காலங்காத்தால எவன் வூட்டுல திதி குடுக்குறாங்க?" என்று ஜெயவேலு மாடிப்படியில் நின்று கத்தினான். ஒருத்தி 'கால் ஜாபோ' என்றாள். கால் வலிக்கிறதாக்கும் என்று கோகிலவாணி தைலம் எடுத்துவந்து அவள் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். நாளைக்குப் போகிறேன் என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று புரியவைக்க அந்தப் பெண்ணுக்கு அரை மணி நேரம் பிடித்தது.

இரண்டு மாதம் கழித்து அதே 'கால்' நேற்றைக்கும் சொல்லப்படுவது தெரியவந்தபோது கோகிலவாணிக்குத் தலை சுற்றியது.

"நேத்துக்கும் அதே வார்த்த, நாளிக்கும் அதே வார்த்தயா? இன்னா பேஜாரா கீது!" என்று தமிழிலேயே புலம்பினாள். அவர்கள் கையை முன்னும் பின்னும் ஆட்டி விளக்கினார்கள். கடைசியில் வரும் சொல்லைக் கவனி, போவேன் என்று முடிந்தால் நாளை, போனேன் என்று முடிந்தால் நேற்று, அவ்வளவுதான். அன்றிலிருந்து யார் 'கால்' என்றாலும் அவள் வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

2019இல் மாடியில் குடியிருந்த ஒருவரை அவசரமாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது, டாக்டருக்கும் அந்தக் குடும்பத்துக்கும் நடுவில் நின்று கோகிலவாணிதான் பேசினாள். வெளிமாநில நோயாளிகளின் பிரிவைக் கவனித்துவந்த ஜெபராஜ் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, நீங்க பெங்காலியா?" என்று கேட்டான்.

"நான் கோவிலம்பாக்கம்பா."

அடுத்த வாரமே அவளுக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்தது. கழுத்தில் அடையாள அட்டை, நீலக் கோட்டு. முதல் வருஷம் அவள் எதையும் இரண்டு முறை கேட்டாள். வலி இடப்பக்கமா வலப்பக்கமா, தொட்டுக் காட்டுங்கள். மூன்று நாளா மூன்று வாரமா, விரலை மடக்குங்கள். டாக்டர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். "எத்தனை வாட்டிம்மா கேப்பீங்க?" என்று சலித்துக்கொண்டவர்கள் உண்டு.

அந்தக் காலத்தில் அவளுக்கு எல்லாமே தமிழ் வழியாகத்தான் போய்வரும். வங்காளத்தில் கேட்டதை உள்ளுக்குள் தமிழாக்கி, பதிலைத் தமிழில் யோசித்து, மறுபடி வங்காளமாக்குவாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தலை கனக்கும். எப்போதோ ஒரு நாள், எந்த நாள் என்று அவளுக்கே தெரியாது, நடுவில் தமிழ் வருவது நின்றுவிட்டது. காதில் விழுந்தது அப்படியே வாயில் வந்தது. அதன் பிறகு அவள் யாரையும் இரண்டு முறை கேட்கவில்லை. டாக்டர் ஸ்ரீவத்சன், வயிற்று அறுவைசிகிச்சைக்காரர், கோகிலா இருக்கிறாளா என்று கேட்டுவிட்டுத்தான் வங்காள நோயாளிகளை உள்ளே விடுவார். "இவங்க இருந்தா நாலு பேர் பாக்கற நேரத்துல ஆறு பேர் பாத்துடலாம்" என்று மற்ற டாக்டர்களிடம் சொல்வார். அதைக் கேட்க அவளுக்கு மனசு குளிர்ந்துதான் இருக்கும்.

இன்னொன்றும் இருந்தது. கெட்ட செய்திகளை அவள் எத்தனையோ பேருக்கு வங்காளத்தில் சொல்லியிருக்கிறாள். எங்களால் முடிந்ததைச் செய்தோம், காப்பாற்ற முடியவில்லை என்று சொல்லிவிட்டு, அவர்கள் அழுவதைப் பார்த்துத் தோளைத் தொட்டுவிட்டு, பத்து நிமிஷத்தில் கேன்டீனில் தயிர்சாதம் சாப்பிடுவாள். தன் நெஞ்சு கல்லாகிவிட்டதோ என்று சந்தேகப்பட்டாள். பிறகு தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் அவளுடைய அப்பா இறந்தபோது ஒரு டாக்டர் அதே வாக்கியத்தைத் தமிழில் சொன்னார். கோகிலவாணி அந்த இடத்திலேயே மடங்கி விழுந்தாள். இதே வார்த்தைகளைத்தானா நான் நூறு பேரிடம் சொன்னேன் என்று அன்றைக்கு நினைத்து நடுங்கினாள். ஆனால் காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பியதும், வங்காளத்தில் அது மறுபடியும் லேசாகத்தான் வந்தது.

2025 ஜூலை எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை. வங்காளத்து நதியா மாவட்டத்திலிருந்து நிர்மல் மண்டல் என்பவர் வந்திருந்தார். ஐம்பத்தாறு வயது. பித்தப்பையில் கல். வெள்ளிக்கிழமை காலை ஆபரேஷன் என்று ஏற்கெனவே நாள் குறித்திருந்தது. கூட வந்தது மனைவி ஷேஃபாலி மட்டும்தான். ஒல்லியான, அதிகம் பேசாத பெண். கையில் மருந்துச் சீட்டுகள் அடங்கிய பிளாஸ்டிக் பையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நிர்மலுக்கு இதயத்தில் கோளாறு இருந்ததால் ரத்தம் உறையாமல் இருக்க தினம் இரண்டு வேளை மாத்திரை சாப்பிட்டுவந்தார். ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னால் அதை நிறுத்தவேண்டும் என்று அவர்களுடைய ஊர் டாக்டர் போனில் சொல்லியிருந்தார்.

"அந்த மாத்திரைய நிறுத்தியாச்சான்னு கேளுங்க" என்றார் ஸ்ரீவத்சன், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கோகிலவாணி கேட்டாள். ஷேஃபாலி மூன்று சொல்லில் பதில் சொன்னாள்.

"கால் தேகே பொந்தோ."

"நேத்துலேர்ந்து நிறுத்திட்டாங்களாம் சார்."

கேட்டதற்கும் சொன்னதற்கும் நடுவில் ஒரு மூச்சு இடைவெளிகூட இல்லை.

"அப்ப நல்லதாப் போச்சு" என்றார் டாக்டர். "நாளைக்குக் காலையில ஒரு ஸ்லாட் காலியாயிருக்கு. நேத்து நிறுத்தினதுன்னா நாளைக்கு ரெண்டு நாள் ஆயிடும். வெள்ளிக்கிழமை வரைக்கும் வலியோட ஏன் இருக்கணும்? நாளைக்கே பண்ணிடலாம்னு சொல்லுங்க."

கோகிலவாணி சொன்னாள். ராத்திரி பத்து மணிக்கு மேல் எதுவும் சாப்பிடக்கூடாது, காலை ஆறு மணிக்கு வந்துவிடவேண்டும். ஷேஃபாலி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். சீக்கிரம் முடிகிறதே என்று அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்ததைக் கோகிலவாணி பார்த்தாள்.

புதன்கிழமை காலை ஆபரேஷன் நடந்தது. பத்து மணிக்கு முடிந்தது, நல்லபடியாக இருக்கிறார் என்று சொன்னார்கள். கோகிலவாணி வேறு நோயாளிகளைப் பார்க்கப் போய்விட்டாள். இரண்டரை மணிக்கு ஜெபராஜ் போன் செய்தான்.

"அக்கா, எங்க இருந்தாலும் மூணாவது மாடிக்கு வாங்க. அந்த மண்டல் பேஷன்ட்டு. டாக்டர் கூப்பிடறாரு."

அவள் போனபோது நிர்மலைக் கட்டிலோடு மறுபடி தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். வயிற்றிலிருந்து விட்டிருந்த குழாயில் ரத்தமாக வந்துகொண்டிருந்தது, பி.பி. இறங்கிவிட்டது என்று நர்ஸ் சொன்னாள். ஷேஃபாலி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். ஸ்ரீவத்சன் பச்சை உடையோடு கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்.

"ரத்தம் நிக்கவே மாட்டேங்குது கோகிலா. ஏதோ சரியில்ல. கடைசியா அந்த மாத்திரை எப்ப சாப்பிட்டார்னு கேளுங்க. நாளு, நேரம் ரெண்டும் வேணும்."

கோகிலவாணி ஷேஃபாலியின் பக்கம் குனிந்து கேட்டாள். ஷேஃபாலி நிமிர்ந்து பார்த்தாள்.

"நேற்று ராத்திரி ஒன்பது மணிக்குக் கொடுத்தேன். அதுதான் கடைசி" என்றாள்.

கோகிலவாணிக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. காதில் விழுந்தது உள்ளே போகாமல் வெளியிலேயே நின்றதுபோல் இருந்தது. மறுபடி கேட்டாள். முந்தாநாள் இல்லையா? நிறுத்திவிட்டதாக டாக்டரிடம் சொன்னீர்களே?

"நிறுத்திவிட்டேன் என்று நான் எங்கே சொன்னேன்?" என்றாள் ஷேஃபாலி. "புதன்கிழமையிலிருந்து நிறுத்தவேண்டும் என்று எங்கள் டாக்டர் சொன்னார். அதைத்தான் சொன்னேன். கால் தேகே பொந்தோ."

நாளையிலிருந்து நிறுத்தம். நேற்றிலிருந்து நிறுத்தம். இரண்டுக்கும் அதே மூன்று சொல். போவேன், போனேன் என்று கடைசியில் காட்டிக்கொடுக்கும் சொல் அதில் கிடையாது. காத்திருக்க ஒன்றும் இல்லாத வாக்கியம் அது. அவளோ காத்திருப்பதையே எப்போதோ விட்டிருந்தாள். கோகிலவாணி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன சொல்றாங்க?" என்றார் ஸ்ரீவத்சன்.

அந்த வராந்தாவில் அப்போது ஐந்து பேர் இருந்தார்கள். டாக்டர், நர்ஸ், ஜெபராஜ், ஷேஃபாலி, அவள். ஷேஃபாலி நேற்று சொன்னது வேறு, டாக்டரிடம் போய்ச் சேர்ந்தது வேறு என்பது அந்த ஐந்து பேரில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவங்களுக்கே சரியா தெரியல சார் என்று சொன்னால் போதும். மாத்திரையை நிறுத்தச் சொல்லியும் கொடுத்திருக்காங்க சார் என்றுகூடச் சொல்லலாம். ஷேஃபாலி அதையும் கேட்டுவிட்டுத் தலையாட்டிக்கொண்டுதான் இருப்பாள். இவ்வளவும் ஒரே நொடியில் தனக்குத் தோன்றிவிட்டதை நினைத்துத்தான் கோகிலவாணி பின்னால் அதிகம் பதறினாள்.

வாயைத் திறந்தாள். தமிழ் வரவில்லை. பிறந்ததிலிருந்து பேசுகிற மொழியில் ஒரு சொல் கிடைக்கவில்லை.

"கோகிலா! டைம் இல்ல."

"நேத்து நைட்டு... ஒம்போது மணி சார்."

"நேத்தா? திங்கட்கிழமையே நிறுத்தினாங்கன்னு சொன்னீங்களே?"

"அவங்க சொல்லல சார். நான்... நான்தான் தப்பா சொல்லிட்டேன். நாளைலேர்ந்து நிறுத்தப்போறோம்னு அவங்க சொன்னாங்க. நான் நேத்துன்னு சொல்லிட்டேன்."

ஸ்ரீவத்சனின் முகம் வெளிறியது. அவர் திட்டவில்லை. திரும்பிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினார். "ஒன்பது மணி டோஸ், பதினேழு பதினெட்டு மணி நேரம்தான் ஆச்சு, ரத்த வங்கிக்குச் சொல்லுங்க" என்று உள்ளே அவர் யாரிடமோ கத்துவது கேட்டது. வழக்கமான ரத்தப் பரிசோதனையில் அந்த மாத்திரை இருப்பது தெரியாதாம். மணி தெரிந்த பிறகுதான் அதை முறிக்கிற மருந்தை ஏற்ற முடிவு செய்தார்கள் என்று நர்ஸ் பிறகு சொன்னாள்.

ஷேஃபாலி கோகிலவாணியின் கையைப் பிடித்து இழுத்தாள். "டாக்டர் ஏன் ஓடினார்? என்ன சொன்னாய் அவரிடம்?"

கோகிலவாணி சொன்னாள். நேற்று நீங்கள் சொன்னதை நான் தவறாகப் புரிந்துகொண்டேன், நாளை என்பதை நேற்று என்று சொல்லிவிட்டேன், அதனால்தான் ஆபரேஷனை முன்னால் வைத்தார்கள், அதனால்தான் ரத்தம் நிற்கவில்லை, தப்பு என்னுடையது. ஒரு தடங்கல் இல்லாமல், குரல் நடுங்காமல், உப்பு கொஞ்சம் கூடிப்போய்விட்டது என்பதுபோல் வங்காளத்தில் எல்லாம் வந்து விழுந்தது. டாக்டரிடம் தமிழில் இரண்டு சொல் சொல்ல முடியாமல் திணறியவள் இவள்தானா? சொல்லிக்கொண்டிருக்கும்போதே தன் குரலைக் கேட்டு அவளுக்கே திகைப்பாக இருந்தது.

ஷேஃபாலி அவளையே பார்த்தாள்.

"இதை நீ இவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாயே?"

அவ்வளவுதான். கோகிலவாணிக்குள் என்னவோ உடைந்தது. "அய்யோ, எம்மா, நான் வேணும்னு பண்லம்மா! எனிக்குத் தெர்லம்மா! எங்கப்பன் மேல சத்தியமா..." என்று தமிழில் அலற ஆரம்பித்தாள். மூக்கும் கண்ணும் ஒழுக, கையெடுத்துக் கும்பிட்டு, தான் என்ன சொல்கிறோம் என்று தெரியாமல் பேசினாள். ஷேஃபாலிக்கு அதில் ஒரு சொல் விளங்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், பிளாஸ்டிக் பையை எடுத்துக்கொண்டு நான்கு நாற்காலி தள்ளிப்போய் உட்கார்ந்தாள்.

கால் மணி நேரம் கழித்து நர்ஸ் ஒரு படிவத்தோடு வந்தாள். வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்யக் கையெழுத்து வேண்டும். ஷேஃபாலி அந்தக் காகிதத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். நர்ஸின் முகத்தைப் பார்த்தாள். கடைசியில் திரும்பி, இந்தப் பக்கம் பார்க்காமலே, கோகிலவாணியை நோக்கி இரண்டு விரலை அசைத்துக் கூப்பிட்டாள். அந்த ஊரில் அவளுக்கு வேறு வாய் இல்லை.

நிர்மல் பிழைத்தார். ஆறு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். நான்கு சின்னத் துளையோடு போகவேண்டிய காரியம், நெஞ்சுக்குக் கீழே ஒரு சாண் வெட்டாக முடிந்தது.

வியாழக்கிழமை விசாரணை. ஆஸ்பத்திரியின் மருத்துவக் கண்காணிப்பாளர் யக்ஞநாராயணன், ஸ்ரீவத்சன், ஜெபராஜ் மூன்று பேரும் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள்.

"அந்த வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் இருக்குன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று யக்ஞநாராயணன் கேட்டார்.

"தெரியும் சார்."

"தெரிஞ்சுமா?"

"கேக்கணும்னு தோணல சார். நேத்துன்னுதான் காதுல வுழுந்துச்சு. இன்னொண்ணு இருக்குன்னு நெனப்பே வரல."

அவர் ஜெபராஜ் பக்கம் திரும்பினார். "இவங்களை எடுக்கும்போது என்ன டெஸ்ட் வெச்சீங்க?"

ஜெபராஜ் தலையைக் குனிந்துகொண்டான். "டெஸ்ட்டு எதுவும் வைக்கல சார். நல்லா பேசினாங்க."

"நல்லா பேசறாங்கன்னு யார் சொன்னது? நம்ம யாருக்காவது பெங்காலி தெரியுமா?"

ஸ்ரீவத்சன்தான் மெதுவாகச் சொன்னார். "சார், நானும் தேதி கேக்கல. சீட்டை வாங்கிப் பாக்கல. வேகமா முடிஞ்சா போதும்னு இருந்துட்டேன்."

ஆஸ்பத்திரி ஷேஃபாலியிடம் எழுத்துமூலம் மன்னிப்புக் கேட்டது. கோகிலவாணியை வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்திவைத்தார்கள். போனில் பேசும் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கொல்கத்தாவிலிருந்து ஏற்பாடு செய்தார்கள்.

வீட்டில் ஜெயவேலு கடையை மூடிவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். முழுவதும் கேட்டுவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"நீயா போய் ஏன் சொல்லிக்கினே? சொல்லாம இருந்தா எவனுக்குத் தெரியும்?"

"சொல்லாம இருந்தா அந்தாளு செத்திருப்பாருய்யா."

அவன் எழுந்துபோய் அவளுக்கு டீ போட்டுக்கொண்டு வந்தான்.

அந்த மூன்று நாளும் அவளைத் தின்றது நிர்மல் மட்டுமல்ல. ஆறு வருஷம். தினம் பத்துப் பன்னிரண்டு குடும்பம். ஒவ்வொருத்தரும் எத்தனை தடவை 'கால்' என்றிருப்பார்கள்? ஜுரம் நேற்றிலிருந்து, ஊசி நாளையிலிருந்து. எத்தனை முறை தன் காது தானாக ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றொன்றைக் கீழே போட்டிருக்கும்? யாருக்கு என்ன ஆயிற்றோ, எந்த ஊரில் இருக்கிறார்களோ. இதைத் திரும்பிப்போய்ப் பார்க்க ஒரு வழியும் கிடையாது என்று உறைத்தபோது அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே தள்ளிவைத்தாள்.

மாடியில் இருந்தவர்கள் தண்ணீர் வரவில்லை என்று சொல்ல வந்தார்கள். கோகிலவாணிக்குப் பதில் சொல்ல வாய் எழவில்லை. ஒவ்வொரு சொல்லும் முதலில் தமிழாக மாறி நின்று, இதுதானா, இதுதானா என்று கேட்டது. பழைய தலைக்கனம் திரும்பிவந்தது. "திதி, உடம்புக்கு என்ன?" என்று அவர்கள் கேட்டார்கள்.

சனிக்கிழமை மதியம் ஜெபராஜ் போன் செய்தான்.

"அக்கா, அந்தம்மா உங்களக் கூப்பிடறாங்க."

"எந்தம்மா?"

"ஷேஃபாலி. போன்ல பேசுறவர வேணாம்னுட்டாங்க. உங்களத்தான் கூட்டியாரச் சொல்றாங்க. அவரே மொழிபெயர்த்துச் சொன்னாரு. 'அவளையே கூப்பிடுங்கள், அவள் இனிமேல் தப்புப் பண்ணமாட்டாள்'னாங்களாம்."

கோகிலவாணி போனைக் காதில் வைத்தபடியே நின்றாள். அது மன்னிப்பாக அவளுக்குப் படவில்லை. அடிபட்ட மாடு இனிப் பார்த்து நடக்கும் என்று தெரிந்தே சந்தையில் வாங்குகிறவள் கணக்காக, யோசித்து எடுத்த முடிவாகப் பட்டது. கண்காணிப்பாளர் ஒத்துக்கொண்டார். ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார்: நாள் என்று வந்தால் கிழமையும் தேதியும் கேட்டு எழுதிக் கையெழுத்து வாங்கவேண்டும்.

அடுத்த மூன்று வாரம் கோகிலவாணி ஷேஃபாலிக்கும் டாக்டர்களுக்கும் நடுவில் நின்றாள். முதல் வருஷத்தைவிட மெதுவாக. ஷேஃபாலி ஒரு வாக்கியம் சொன்னால் அதையே திருப்பிச் சொல்லி, இதுதானே என்று கேட்டுவிட்டுத்தான் தமிழுக்குப் போனாள். ஸ்ரீவத்சன் பேனாவை மூடிவைத்துவிட்டுக் காத்திருந்தார். ஷேஃபாலி வேலை தவிர அவளிடம் ஒரு சொல் பேசவில்லை. சாப்பிட்டாயா என்று கோகிலவாணி கேட்டால் பதில் வராது.

ஜூலை கடைசியில், பொத்தேரியில் தங்கிக் கல்லூரியில் பாடம் நடத்தும் ஒரு வங்காளத்துப் பெண்ணை அழைத்து, மொழிபெயர்ப்பாளர்கள் எல்லாருக்கும் தேர்வு வைத்தார்கள். கோகிலவாணி தேறினாள். முடிந்ததும் அவள் அந்தப் பெண்ணிடம் அந்த மூன்று சொல்லைச் சொல்லி, நீங்களாக இருந்தால் எப்படிப் புரிந்துகொண்டிருப்பீர்கள் என்று கேட்டாள். அந்தப் பெண் சற்று யோசித்தாள்.

"இதில் இரண்டு அர்த்தம் இருக்கிறது என்பதே எங்களுக்குப் பாதி நேரம் நினைவிருக்காது. முன்னால் என்ன பேச்சு நடந்ததோ அதை வைத்துத் தெரிந்துவிடும். முன்கதை தெரியாமல் இதை மட்டும் சொன்னால், எந்த 'கால்' என்று நானும் கேட்டுத்தான் இருப்பேன்."

ஆறுதலுக்காகத்தான் அவள் சொன்னாள். கோகிலவாணிக்கு அது ஆறுதலாக இல்லை. அந்த மொழியிலேயே பிறந்தவள் கேட்டிருப்பாள். கற்றுக்கொண்டு வந்த நான் கேட்கவில்லை. தெரியாத காலத்தில் நூறு முறை கேட்டவள், நன்றாகத் தெரிந்துவிட்டது என்ற காலத்தில் வாயை மூடிக்கொண்டாள்.

ஆகஸ்டு இரண்டாம் தேதி நிர்மலை வீட்டுக்கு அனுப்பினார்கள். சக்கர நாற்காலியில் வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்தது கோகிலவாணிதான். டாக்ஸி வந்து நின்றது. நிர்மல் மெலிந்துபோயிருந்தார், ஆனால் முகத்தில் ஊருக்குப் போகிற வெளிச்சம் இருந்தது. அவர் திடீரென்று இரண்டு கையையும் கூப்பினார்.

"அம்மா, உங்களை மறக்கமாட்டேன். தெரியாத ஊரில் என் மனைவிக்குத் துணையாக இருந்தது நீங்கள் ஒருத்திதான். நீங்கள் இல்லாவிட்டால் நான் இல்லை."

நடந்தது என்னவென்று அவருக்குத் தெரியாது. இத்தனை நாளாகியும் ஷேஃபாலி சொல்லவில்லை. காகிதத்தில் கையெழுத்துப் போட்டவள் அவள், கடிதத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்தவளும் அவள். கோகிலவாணி அவளைத் திரும்பிப் பார்த்தாள். ஷேஃபாலி பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள்.

சொல்லிவிடவேண்டும் என்று கோகிலவாணிக்குத் தோன்றியது. அவருக்கு முன்னால் குனிந்தாள். "ஐயா, ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தாள். இந்த முறை வங்காளத்திலும் குரல் தடுமாறியது.

ஷேஃபாலி நடுவில் வந்தாள். கோகிலவாணியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து இரண்டடி தள்ளி அழைத்துப்போனாள்.

"இப்போது வேண்டாம். இரண்டு நாள் ரயிலில் போகவேண்டும். அவருக்கு மனசு கெடக்கூடாது. ஊருக்குப் போய் நானே சொல்கிறேன்" என்றாள். பிறகு, பிடியை விடாமல், "நானே சொல்கிறேன். நீ இல்லை" என்றாள்.

டாக்ஸி மேடவாக்கம் சிக்னல் பக்கம் திரும்பியது. நிர்மல் பின் கண்ணாடி வழியாகக் கையசைத்துக்கொண்டே போனார். கோகிலவாணியும் கையை உயர்த்தினாள். மணிக்கட்டில் ஷேஃபாலி பிடித்த இடம் சிவந்திருந்தது. ஊர் போய்ச் சேர்ந்து அவள் சொன்னாளா, கேட்டு அவர் என்ன செய்தார் என்பது கோகிலவாணிக்கு இன்றுவரை தெரியாது. அவர்களிடமிருந்து போன் வரவில்லை. இவளும் செய்யவில்லை.